நேட்டாலுக்குப் போன தாத்தா ஒருவரா, இருவரா?

முதலில், கேட்கப்பட்ட கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருடைய பாட்டி 1938-ல் பிறந்தவர், ஆரணிப் பக்கம். பாட்டியின் தாத்தா தாது வருஷப் பஞ்சத்தில் தம்பியோடு நேட்டாலுக்கு (இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் காலனி) கப்பலேறினாராம். அங்கே கரும்புத் தோட்டத்தில் வேலை செய்து, காந்தியோடு ஜெயிலுக்கும் போய், திரும்பி வந்து நிலம் வாங்கினாராம். தம்பி அங்கேயே தங்கிவிட்டார். தாத்தா இறந்தபோது பாட்டிக்கு ஏழெட்டு வயது. "இதை எந்த ஆவணத்தில் தேடுவது?" என்று கேட்கிறார். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "பாட்டி சொல்வதெல்லாம் உண்மைதானா என்று வீட்டில் சண்டை வருகிறது." உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு, தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊர் தேடி வருகிற குடும்பங்களுக்கும் இங்கிருந்து அங்கே தேடுகிறவர்களுக்கும் பழைய பதிவேடுகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: பாட்டி பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வது ஒரே மனிதரின் வாழ்க்கையாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆவணத்தைத் தொடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தாது வருஷம் என்பது 1876-77. அப்போது கப்பலேற ஒருவருக்குக் குறைந்தது இருபது வயது என்று வைத்துக்கொண்டால் 1856 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். நேட்டாலில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெருந்திரளாகச் சிறை சென்றது 1913 அக்டோபர், நவம்பரில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது. அதற்கு முன்னால் நடந்த சத்தியாக்கிரகம் பெரும்பாலும் நேட்டாலுக்குப் பக்கத்துப் பகுதியான டிரான்ஸ்வாலில் நடந்தது. அதில் வியாபாரிகளும் சுதந்திரமாக வாழ்ந்தவர்களுமே இருந்தார்கள். கரும்புத் தோட்டத்து ஆட்கள் அதில் இல்லை. அப்படியானால் ஜெயிலுக்குப் போகும்போது உங்கள் தாத்தாவுக்கு ஐம்பத்தேழு வயது. பாட்டி கண்ணால் பார்த்து 1946 வாக்கில் இறந்தார் என்றால் தொண்ணூறு. நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பஞ்சத்தில் இளைத்துப்போய்க் கப்பலேறி, தோட்டத்தில் உழைத்த உடம்புக்கு இது அரிது.

நம் குடும்பங்களில் பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிறோம். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும். நீங்கள் எழுதியிருக்கும் பெயரும் வட ஆற்காட்டில் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பெயர். 1877-ல் போன ஒருவரும், அவருடைய பேரனோ அல்லது அதே பெயர் கொண்ட பங்காளி வீட்டுப் பையனோ 1900-க்குப் பிறகு போனதும் பாட்டியின் நினைவில் ஒரே ஆளாகச் சேர்ந்திருக்கலாம். அந்த இரண்டாவது மனிதர் 1885 வாக்கில் பிறந்து 1905 வாக்கில் போனவர் என்று வைத்துப் பாருங்கள், மீதிக் கதை அழகாகப் பொருந்துகிறது. நேட்டால் அரசு 1895-ல் கொண்டுவந்த சட்டப்படி, அதற்குப் பிறகு வந்தவர்கள் ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தம் எழுத வேண்டும், அல்லது வருடத்துக்கு 3 பவுண்டு தலைவரி கட்ட வேண்டும். மாதம் 10 ஷில்லிங் சம்பளத்தில் வேலை தொடங்கிய ஆளுக்கு அது ஆறு மாதக் கூலி. 1913 வேலைநிறுத்தம் இந்த வரிக்கு எதிராகத்தான் மூண்டது. நேட்டாலில் உள்ள நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கி கடலோரக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. 1914-ல் இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை ஒழித்தது. அதே சட்டத்தில், அங்கே குடியிருக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பவர்களுக்கு இலவசமாக ஊர் திரும்பும் ஏற்பாடும் இருந்தது. 1905-ல் போனவர் 1910-ல் ஒப்பந்தம் முடித்து, வரிக்கு ஆளாகி, வேலைநிறுத்தத்தில் இறங்கி, 1914-க்குப் பிறகு கப்பலேறி வந்து நிலம் வாங்கினார் என்றால் அதில் இடறுகிற இடம் எதுவும் இல்லை. பாட்டி பார்த்த தாத்தாவுக்கு இறக்கும்போது அறுபது வயது இருந்திருக்கும்.

இது என் ஊகம்தான், நிரூபணம் இல்லை. ஆனால் எந்த வருடங்களில் தேடுவது என்பதை இது மாற்றிவிடுகிறது. பஞ்சத்தைச் சொல்லாத கப்பல் குடும்பமே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பஞ்சம் அவ்வளவு ஆழமாக மனதில் தங்கியதால், அதற்கு முன்னும் பின்னும் நடந்த எல்லாமே அந்த வருஷத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பொதுவாக, வருஷத்தையும் போன காரணத்தையும் குடும்ப நினைவு தவறவிடும். யார் யாருக்கு என்ன உறவு, எந்த ஊர்ப் பெண்ணைக் கட்டினார், யார் திரும்பி வரவில்லை என்பதை அநேகமாகத் தவறவிடாது. தம்பி அங்கேயே தங்கிவிட்டார் என்பதை நான் அப்படியே நம்புவேன்.

பாட்டியிடம் இனிமேல் "தாத்தா நேட்டாலுக்கு எப்போது போனார்?" என்று கேட்காதீர்கள். பல தடவை சொல்லிப் பழகிய கதைதான் வரும். கல்யாணத்தைப் பற்றிக் கேளுங்கள். தாத்தாவுக்கு எங்கே பெண் எடுத்தார்கள், போவதற்கு முன்னால் கல்யாணமா வந்த பிறகா, மூத்த பிள்ளைக்கு யார் பெயரை வைத்தார்கள், அந்தப் பெயருக்கு உரியவர் யார், சாவு வீட்டில் வைத்து அழுத ஒப்பாரியில் என்ன ஊர் வந்தது என்று கேளுங்கள். முக்கியமாக, தாத்தாவின் தகப்பனார் பெயர் என்ன? இதை மட்டும் பாட்டியின் அக்கா தங்கை, பங்காளி வீட்டுக் கிழவர்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தால் குரல் பெரிதாக இருப்பவர் சொல்வதை மற்றவர்களும் சொல்வார்கள். வீட்டில் பழைய ஜாதகக் கட்டு இருந்தால் பிரித்துப் பாருங்கள். அதில் தகப்பன் பெயரும் பிறந்த வருஷமும் இருக்கும். வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால் விஜய வருஷம் என்றால் 1893 அல்லது 1953. குழப்பத்துக்கு இடமில்லை.

அப்புறம் டிரங்குப் பெட்டி. ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் ஏதாவது, ஒரு எண்ணோடு, இருக்கிறதா? நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை ஒரே தொடராக ஓடிய எண் அது. மொத்தம் 1,52,184 பேர். ஒப்பந்தம் முடிந்தாலும், கல்யாணம் பதிந்தாலும், ஊர் திரும்பினாலும் அந்த எண் கூடவே வரும். அங்கே பிறந்த பிள்ளைகளைக்கூடப் பெற்றோரின் எண்ணை வைத்துத்தான் எழுதினார்கள். எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எண்ணை வைத்தே எந்தக் கப்பல், எந்த வருடம் என்று தெரிந்துவிடும்.

எண் இல்லையென்றால் கப்பல் பட்டியலுக்குத்தான் போக வேண்டும். பெயர்வாரியான பட்டியல் முழுமையாக இருப்பது தென்னாப்பிரிக்காவில்தான். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் குடியேற்றம் பற்றிக் கிடைப்பவை பெரும்பாலும் அரசுக் கடிதப் போக்குவரத்து. அங்கே போய் உங்கள் தாத்தா பெயரைத் தேடி நாட்களைச் செலவழிக்க வேண்டாம். நேட்டால் கப்பல் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். டர்பனில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தைக் கேட்டால் வழி சொல்வார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்ற விவரங்கள் இருக்கும். ஊர் திரும்பியதோ இறந்ததோ சில பேருக்குப் பக்கத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

இங்கேதான் எல்லோரும் பெயரை வைத்துத் தேடித் தோற்கிறார்கள். பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஊரையும் தகப்பன் பெயரையும் வைத்துத் தேடுங்கள். முனுசாமி என்று தட்டினால் ஏராளமானவர்கள் வருவார்கள், உங்களுடையவர் 'மூன்சாமி' என்று எழுதப்பட்டு அதில் வராமலேயே போய்விடுவார். எழுதினவர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். அவர் தெலுங்கராக இருந்திருக்கலாம், ஆங்கிலோ இந்தியராக இருந்திருக்கலாம். ஊர்ப் பெயருக்கும் அதே கதிதான். களம்பூர் 'கல்லம்பூர்' ஆகியிருக்கும், சேவூர் 'சீவூர்' ஆகியிருக்கும். அதனால் முதலில் தாலுகாவைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் வருகிற ஊர்களையெல்லாம் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். உங்கள் ஊர் இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டம். அந்த மாவட்டமே 1989-ல் வந்தது. பட்டியலில் வட ஆற்காடு என்று இருக்கும். 1911 வரை சித்தூரும் அதற்குள்தான், ஆகவே தெலுங்கு ஊர்களும் கலந்து வரும். ஆரணி என்று மட்டும் தேடாமல் போளூர், ஆற்காடு, வந்தவாசி என்று எல்லைத் தாலுகாக்களையும் பாருங்கள்.

பட்டியலில் இருக்கும் எல்லா விவரத்துக்கும் ஒரே மதிப்பு இல்லை. வயதை நான் நம்புவதே இல்லை, ஐந்து வருடம் முன்பின் தள்ளித்தான் பார்ப்பேன். சாதிப் பெயரையும் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் பிடிக்கிறவர் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னவர்களும் உண்டு, வேண்டுமென்றே மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. பழைய கப்பல்களில் 'மலபார்' என்று இருந்தால் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம், தமிழர்களை அப்படித்தான் அப்போது எழுதினார்கள். ஆனால் தகப்பன் பெயர், கிராமம், உடல் அடையாளம் இந்த மூன்றும் ஒரே இடத்தில் பொருந்தினால் அதை மதிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் இன்னொரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து போனார்கள் என்கிறீர்கள். சேர்ந்து போனவர்களை அநேகமாக அடுத்தடுத்து எழுதியிருப்பார்கள். ஒரே தகப்பன், ஒரே ஊர், பக்கத்துப் பக்கத்து எண் என்று இரண்டு பேர் கிடைத்தால், பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் நான் அவர்கள்தான் என்று சொல்லிவிடுவேன். ஒருவர் மட்டும் கிடைத்தால் "இருக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஜெயில் கதைக்கு வருகிறேன், வீட்டில் சண்டை இதில்தான் என்று நினைக்கிறேன். திரும்பி வந்த வருடம் 1913-க்கு முன்னால் என்று ஆவணம் சொன்னால், வேலைநிறுத்தத்தில் சிறை சென்றார் என்பது நிச்சயமாக இல்லை என்று ஆகிவிடும். அதற்குப் பின்னால் என்றால் நடந்திருக்கக்கூடியதுதான். ஆனால் பெயரோடு நிரூபிப்பது கடினம். 1903-ல் தொடங்கப்பட்ட, காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் சிறை சென்றவர்களின் பெயர்களை அச்சிட்டிருக்கிறார்கள், அதைப் புரட்டிப் பார்க்கலாம். ஆனால் 1913 இறுதியில் ஆயிரக்கணக்கில் பிடித்தபோது சிறையில் இடம் போதாமல், சுரங்க வளாகங்களையே சிறையின் கிளைகளாக அறிவித்து, வேலை செய்த இடத்திலேயே அடைத்து வேலை வாங்கினார்கள். அவர்களில் எத்தனையோ பேருடைய பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. பெயர் இல்லாததால் பாட்டி சொன்னது பொய் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். "காந்தியோடு" என்பதை மட்டும் "காந்தி நடத்திய போராட்டத்தில்" என்று படித்துக்கொள்ளுங்கள், அது போதும். ஒரு தோட்டத் தொழிலாளி சம்பளத்தையும் ரேஷனையும் விட்டுவிட்டு, சவுக்கடிக்குப் பயப்படாமல் வேலையை நிறுத்தியது சிறிய காரியம் இல்லை.

இனி ஊர்ப் பக்கம். எனக்குக் கை வந்த இடம் இதுதான். நிலம் வாங்கினார் என்பதைத்தான் எல்லாவற்றையும்விட எளிதாகச் சரிபார்க்கலாம். இப்போது உங்கள் வசம் இருக்கும் பட்டாவிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1980-களில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர் திட்டத்துக்கு முந்தைய புல எண்ணை எடுத்து, பழைய அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு யார் பெயர் என்று பாருங்கள். ஆனால் ஆரணியில் ஒரு சிக்கல். அந்தப் பக்கத்தில் பல ஊர்கள் ஆரணி ஜாகீருக்குள், அதாவது வரி வசூலிக்கும் உரிமை ஜாகீர்தாரிடம் இருந்த பகுதிக்குள், இருந்தவை. விவசாயி நேரடியாக அரசுக்கு வரி கட்டிய ரயத்துவாரி ஊர்களைப் போல அங்கே பழைய அரசு செட்டில்மெண்ட் (நில வரி நிர்ணய) பதிவேட்டை எதிர்பார்க்க முடியாது. 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த செட்டில்மெண்டில்தான் விவசாயியின் பெயர் அரசுக் கணக்கில் ஏறும். தாத்தா 1946 வாக்கில் இறந்தார் என்றால் அந்தப் பதிவேட்டில் அவருடைய பிள்ளைகள் பெயர்தான் இருக்கும். பரவாயில்லை, எந்த நிலம் என்று தெரிந்துவிடும்.

நிலம் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட கிரயம் என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். இணையத்தில் வில்லங்கச் சான்று கிடைப்பது பிற்காலத்துக்கு மட்டும்தான். அதற்கு முந்தையது அட்டவணைப் புத்தகங்களைக் கையால் புரட்டித் தேட வேண்டியது. வருடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு, ஆகவே 1914 முதல் 1925 வரை என்பது போல ஒரு வரம்பு வைத்துக்கொண்டு போங்கள். பத்திரத்தில் "இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்" என்று இருக்கும். தகப்பன் பெயர் அங்கே கிடைக்கும், அதுவே கப்பல் பட்டியலுக்குத் திறவுகோல். கிரயத்தைவிட நான் ஆசையோடு தேடுவது பாகப் பிரிவினைப் பத்திரம். அதில் ஊரில் இல்லாத சகோதரரைப் பற்றி ஒரு வரி சேர்த்திருப்பார்கள். கடல் கடந்து போய்த் தகவல் இல்லாமல் இருப்பவர், அவர் பாகத்தை இன்னார் அனுபவித்து வருகிறார் என்பது போல. உங்கள் வீட்டில் ஒருவர் திரும்பாமல் போனதால், பிரிவினை நடந்திருந்தால் அவரைச் சொல்லாமல் எழுதியிருக்க மாட்டார்கள்.

இறந்த நாளுக்கு நம் வீடுகளில் ஒரு அருமையான ஆதாரம் இருக்கிறது, பலர் அதை ஆதாரமாகவே நினைப்பதில்லை. தாத்தாவுக்குத் திதி கொடுக்கிறீர்களா? எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வருஷம் மறந்துபோன குடும்பத்திலும் திதி மறப்பதில்லை. கிராமத்து இறப்புப் பதிவேட்டை மணியக்காரரோ கர்ணமோ எழுதி வைத்திருப்பார். பழையவை தாலுகா அலுவலகத்தில் கேட்க வேண்டியவை. அதில் 1944 முதல் 1948 வரை பார்த்து, அதே பெயரில் ஒரு இறப்பு கிடைத்தால், அந்தத் தேதியைப் பழைய பஞ்சாங்கத்தில் வைத்துப் பாருங்கள். திதி ஒத்துப்போனால் அது அவர்தான். நான் இந்தத் தேடலில் மிகவும் நம்புகிற சோதனை இது, ஏனென்றால் பாட்டியும் கணக்குப்பிள்ளையும் கலந்து பேசி எழுதியதில்லை. பதிவேட்டில் உள்ள வயது அறுபதை ஒட்டி இருந்தால் என் இரண்டு தாத்தா கணக்கு பலப்படும், எண்பதுக்கு மேல் என்றால் அதைக் கைவிட்டுவிடுங்கள். பதிவேடே அழிந்திருக்கவும் கூடும். 1980-ல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிக்கப்பட்டபோது எல்லாக் கணக்குகளும் ஒழுங்காகக் கைமாறியதாகச் சொல்ல முடியாது. சிலருடைய வீட்டுப் பரணில் இன்னும் இருக்கின்றன, ஊர்ப் பழைய கர்ணம் வீட்டில் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தேடிப் போக வேண்டாம். இங்கிலாந்தில் இருப்பது போல வீடுவாரிப் பெயர்ப் பட்டியல் நமக்குக் கிடைக்காது.

தம்பியின் வழியைப் பிடிக்க, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் கோப்பின் தலைப்பைத் தேடலாம். நேட்டால் இறப்புப் பதிவுகள் பல ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கின்றன. அங்கே குடும்பப் பெயர் எப்படி அமைந்தது என்பதை மனதில் வையுங்கள். சிலருக்குச் சாதிப் பட்டம், சிலருக்குத் தகப்பன் பெயர், சிலருக்குத் தாத்தா பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. ஆகவே தம்பியின் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் தகப்பனார் பெயரையே குடும்பப் பெயராகச் சுமந்துகொண்டிருக்கலாம். அவர்களும் உங்கள் ஊரைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும், அவர்கள் கையில் எண்ணும் கப்பலும் இருக்கும், ஊர் எது என்றுதான் தெரியாமல் இருக்கும். டர்பன் தமிழர்களின் வம்சாவளிக் குழுக்களில் தகப்பன் பெயர், கிராமம், தாலுகா மூன்றையும் போட்டு எழுதுங்கள், கதை முழுவதையும் போடாதீர்கள். யாராவது பதில் எழுதினால் முதலில் அவர்களுடைய கதையை அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். உங்களுடையதை முன்னாலேயே சொல்லிவிட்டால், அவர்களும் அதையே தங்கள் பாட்டி சொன்னதாக நினைத்துக்கொள்வார்கள், பிறகு எது எவருடைய நினைவு என்று பிரிக்க முடியாது.

மரபணுச் சோதனை செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆள் கிடைத்த பிறகு, உறவு உண்டா என்று உறுதிப்படுத்த உதவும். மூன்றாவது நான்காவது தலைமுறைப் பங்காளிகளுக்கிடையே பொருத்தம் மெலிந்துபோகும். தலைமுறை தலைமுறையாக அத்தை மகள், மாமன் மகள் என்று கட்டிய குடும்பங்களில் உறவு இருப்பதைவிட நெருக்கமாகவும் காட்டும். ஆகவே இப்போது அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். முதலில் திதியை எழுதிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள். பாட்டிக்கு வயதாகிறது. கல்யாணப் பேச்சை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள், போனில் பதிவும் செய்துகொள்ளுங்கள். தகப்பனார் பெயர் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள், 1900-க்கும் 1911-க்கும் இடைப்பட்ட கப்பல்களில் வட ஆற்காட்டு ஆட்களைப் பார்த்து என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.